கார்டைக் காட்டாமல் ஒரு விலை

"இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?"

"எந்த கார்டு மேடம்?"

"கார்டை விடுங்க. எவ்வளவு ஆகும்?"

"அட்மிட் ஆகட்டும். அப்புறம் பார்த்துச் சொல்றோம்."

"செருப்பு வாங்கினாக்கூட விலையைக் கேட்டுட்டுத்தான் காலை நுழைக்கிறோம். இது இடுப்பு சார்!"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவளுக்குத் திக்கென்றது. சண்டை போட வந்த இடத்தில் இப்படிப்பட்ட கண்கள் இருக்கும் என்று யார் கண்டது... சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த, நீளமான இமைகளுடைய, கரிய கண்கள். 'சனியனே, இதையெல்லாம் கவனிக்க இதுவா நேரம்?' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவள் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள். வீடு வீடாகப் போய், இவ்வளவு ஓடியிருக்கிறது, இவ்வளவு கட்டணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதுதான் பிழைப்பு. அவளுடைய அண்ணன் அரசு பஸ் ஓட்டுகிறவர். இப்போதெல்லாம் வலது காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் டிரைவர் சீட்டில் ஏறுகிறார். அடுத்த உடல் தகுதிச் சோதனைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

அரசு ஊழியர் காப்பீடு இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அது பில்லில் பாதியைத்தான் தரும். மீதிப் பாதி எவ்வளவு என்பதை, எல்லாம் முடிந்து ஆளை வீட்டுக்கு அனுப்பும் அன்றுதான் சொல்வார்கள். அண்ணனோடு அதே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர் அப்படித்தான் வீட்டை விற்றார். அதைப் பார்த்ததிலிருந்து, "விலை தெரியாம நான் கட்டில்ல படுக்க மாட்டேன்" என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க அவரால்தான் முடியும்.

அவளும் அதே ரத்தம்தானே... எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் வேலை முடிந்து அவன் வெளியே வந்தபோது, போர்ட்டிகோவில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் போகலையா நீங்க?"

"விலையைச் சொன்னா போயிடறேன்."

"பிடிவாதம் ஜாஸ்திதான்."

"அதுக்கும் தனியா பில் போடுவீங்களா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சாரல் அடித்து அவன் இமைகளில் துளிகள் நின்றன. அவள் சட்டென்று தெருவைப் பார்த்தாள். தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லை.

குடையை அவளிடம் நீட்டியவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன்... அரசு ஊழியர் கார்டு இருந்தா, அடுத்த தடவை அதைச் சொல்லிடாதீங்க. கார்டே இல்லைன்னு கேளுங்க."

"ஏன்? இருக்குன்னு சொன்னா என்ன ஆகும்?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ... ஒரே ஆபரேஷனுக்கு ரெண்டு விலையா? அதுக்குத்தான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எந்த கார்டுன்னு கேக்கறீங்களா?"

குடையை அவள் கையில் திணித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே போய்விட்டான்.

குடையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் போனாள். கொடுக்க மறந்துவிட்டு, மறுபடி ஒரு நாள் போனாள். எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். அவன் அவளை "மீட்டரம்மா" என்றான், அவள் அவனை "மூணாம் நம்பர்" என்றாள். அவள் நாள் முழுக்க வெயிலில் நடந்த கதையைச் சொல்வாள். அவன் டீ ஆறிப்போவது தெரியாமல் கேட்பான். விலையை மட்டும் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்டால் இந்த டீ நின்றுவிடுமோ என்று அவளுக்குள் ஒரு பயம்... கூடவே, அண்ணன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதெல்லாம், இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு குற்ற உணர்வு.

அந்தச் சமயத்தில்தான் அரசு ஊழியர் காப்பீட்டுக்கு விதி போடும் கமிட்டி கூடப்போவதாகச் செய்தி வந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளும் தங்கள் விலையைக் கவுண்டரிலேயே எழுதி மாட்ட வேண்டும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விலைதான் என்று விதி போட வேண்டும்... ஊழியர் சங்கம் கேட்டது இதைத்தான். 'இரண்டு விலையே கிடையாது, இதெல்லாம் கட்டுக்கதை' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சாதித்தார்கள். சங்கத்தின் சார்பில் பேச அவள் தன் பெயரைக் கொடுத்திருந்தாள்.

"நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள் டீக்கடையில்.

அவன் முகம் வாடியது. "முடியாதுங்க. இந்த ஆஸ்பத்திரி எங்க சித்தப்பாவோடது. அப்பா போனப்புறம் என்னைத் தோள்ல போட்டு வளர்த்தவர். அவருக்கு எதிரா நான் எப்படி..."

"உங்க சித்தப்பாவோடதா? இதை ஏன் மொதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ? அப்போ உங்களுக்கும் உங்க கவுண்டருக்கும் என்ன வித்தியாசம்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அண்ணனுக்கும் அண்ணிக்கும் கேட்காமல் அழுதாள். மீட்டர் ஓடினால் ஓடட்டும்! அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவன் வராவிட்டால் என்ன... அண்ணன் மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அதற்கு வேறு வழி ஒன்றைப் பார்த்தாக வேண்டும்.

கமிட்டி நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. பஸ்காரர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், கைத்தடியோடு சிலர். அண்ணன் கடைசி வரிசையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் இருந்து எழுந்த அவனுடைய சித்தப்பா, வெள்ளைச் சட்டையும் கனிந்த குரலுமாக, "எங்ககிட்ட வர்றவங்க எல்லாருக்கும் ஒரே விலைதாங்க" என்றார்.

அவள் எழுந்தாள். மைக் அருகே போனாள்.

"நான் பேசப் போறதில்லைம்மா. இவங்க கவுண்டருக்கு இங்கிருந்தே போன் போட்டுக் கேக்கப் போறேன். அனுமதி வேணும்."

கமிட்டித் தலைவி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, செல்போனை மைக் அருகே வைத்தாள். ஒன்றாம் கவுண்டர் பெண் எடுப்பாள், கார்டு இல்லை என்று ஒரு தடவை, இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டால், பதில் மாறுவதை மண்டபமே கேட்கும்... இதுதான் அவள் போட்ட கணக்கு.

"வணக்கம், பில்லிங்."

அவன் குரல்!

இப்போது சும்மா கேட்டாலே போதும். தெரியாத்தனமாக அவன் உளறிவிடுவான். அவள் ஜெயித்துவிடுவாள். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு, அவனிடம் மட்டும் மறைப்பதா? மனசு ஒப்பவில்லை.

"நான்தான்... மீட்டர். கமிட்டி ஹால்லேருந்து பேசறேன். ஸ்பீக்கர்ல இருக்கீங்க. உங்க சித்தப்பாவும் எதிர்லதான் இருக்கார். இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு எவ்வளவு? இஷ்டமில்லைன்னா போனை வெச்சிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"கார்டு இல்லாம வந்தா ரெண்டு லட்சம்" என்றது குரல். "அரசு ஊழியர் கார்டு இருந்தா மூணு லட்சத்து இருபதாயிரம். அதே டாக்டர், அதே மூட்டு, அதே கட்டில்." கொஞ்சம் தடுமாறிவிட்டு, "சித்தப்பா... பொய் சொன்னா சூடு வெப்பேன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தது நீங்கதான்" என்று முடித்தான்.

மண்டபம் கொந்தளித்தது. சித்தப்பா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தலைவி அவரைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "பையன் சொன்னது சரிதான்" என்றார், தாழ்ந்த குரலில்.

அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. விலைகள் எல்லாம் கவுண்டரில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்க வேண்டும். கார்டு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விலை, இன்று முதல். கடைசி வரிசையில் அண்ணன், வலியையும் மறந்து எழுந்து நின்று கைதட்டினார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் படியில் முழுக்க நனைந்து நின்றிருந்தான் அவன். ஓடி வந்திருக்கிறான் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"சித்தப்பா... என்ன சொன்னார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போன் பண்ணார். நாளையிலேருந்து வேலைக்கு வராதேன்னார்." அவன் சிரிக்க முயன்றான். "வெச்சிட்டு மறுபடியும் பண்ணார். சாப்பிடாம கிடக்காதேன்னார்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னாலதானே உங்க வேலை..."

"இல்லைங்க. நீங்க ஸ்பீக்கர்னு சொல்லாம இருந்திருந்தா, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சித்தப்பாகிட்ட சாக்கு சொல்லியிருப்பேன். தெரிஞ்சே சொன்னதுலதான் எனக்கு நிம்மதி... எனக்கு இனி வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. இந்த நிலைமையில உங்ககிட்ட நான் எதையும்..."

"நிறுத்துங்க!" என்றாள். வெட்கம் ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. போ என்று அதை உதறிவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மொத நாள் கவுண்டர்ல நிமிர்ந்து பார்த்தீங்களே, அப்பவே பிடிச்சிருச்சு. உங்களுக்கு வேலை இருந்தாலும் அதே அளவுதான், இல்லாட்டியும் அதே அளவுதான்."

அவன் நீளமான இமைகள் அடித்துக்கொண்டன. அதற்குள் அவள் செல்போன் அடித்தது. உள்ளே இருந்து அண்ணன்.

"ஏம்மா, எங்க போயிட்டே? விலை தெரிஞ்சிருச்சே, நாளைக்கே போய்ப் படுத்துடறேன். ஆமா, போன்ல தைரியமா பேசிச்சே ஒரு பிள்ளை, அது யாரு? ஆஸ்பத்திரி கணக்குப்பிள்ளையா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் பதில் சொல்லிவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது போதும்!

"இல்லண்ணா" என்றாள். "உங்க மாப்பிள்ளை."