கியான் வீட்டு வாழை

காணாமல் போன வைக்கோலைத் தேடி வந்த ஷிஹோ, அடுத்த தெரு வீட்டு வாசலில் அது ஒரு வாழையைச் சுற்றி ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தூறலில், மெல்லிய அரைக்கைச் சட்டையோடு ஒருவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அது எங்க வைக்கோலுங்க."

திரும்பினான். இமை நுனியில் மழைத்துளி... கருகருவென்ற கண்கள்... ஷிஹோ தயாராக வைத்திருந்த கோபம் பாதியில் தடுக்கியது.

"வேலியோரமா கிடந்துச்சு. வேண்டாம்னு போட்டதுன்னு நெனச்சேன்."

"காயப் போட்டிருந்தோம். பனிக்காலத்துக்கு முன்னாடி எங்க எலுமிச்சைக்குக் கட்டணும்."

"மன்னிச்சுக்கோங்க. அவுத்துடறேன்."

"அவுக்கத்தான் வேணும். இலையோட சேர்த்துக் கட்டினா உள்ளேயே அழுகிடும். முதல்ல இலையை வெட்டுங்க."

"பச்சையா இருக்கே... மனசு வரல."

"தெற்கே ஒகினாவாத் தீவா உங்க ஊரு?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நவம்பர்ல இந்தச் சட்டை."

அவன் சிரித்தான். பெயர் கியான். ஹிமி துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். கோடையில்தான் வந்திருந்தான்.

அன்று இருவரும் இலைகளை வெட்டினார்கள். தண்டை மூடும் அளவுக்கு வைக்கோலை அவனுக்கே விட்டாள். அதன்பின் ஞாயிறுதோறும் ஏதோ ஒரு சாக்கு. அவன் கருப்பட்டி உருண்டை பொரித்துத் தருவான். அவள் குறை சொல்லிக்கொண்டே நாலைந்தைத் தின்பாள். மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க, உச்சிக்கு ஒரு வைக்கோல் குல்லா பின்னித் தருவதாகவும் சொல்லியிருந்தாள்.

"மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது," என்றான் ஒருநாள், தேநீர் ஊற்றியபடி.

"ஓ," என்றாள் ஷிஹோ. மறுவாரம் போகவில்லை. போகிறவனிடம் என்ன பேச்சு? பின்னி முடித்த குல்லா கொட்டகையிலேயே கிடந்தது.

டிசம்பரில் கடலில் இடி இடித்தது. அப்பா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"இடி இடிச்சாச்சு, பனி கொட்டப் போகுது. அந்தத் தெற்கத்திப் பையன் வாழைக்கு இன்னும் குல்லா போடலையே."

"அவர் மார்ச்ல போயிடுவாருப்பா."

"வாழை போகாதே."

ஷிஹோ குல்லாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். கியான் முக்காலி மேல் நின்று, வாழை உச்சியில் ஒரு நீல வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, வாளி?"

"நீங்க வரலையே."

குல்லாவை வாங்கி மாட்டிக் கட்டினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ஏன் வரல?"

"போறவங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

"போறேன்னு நான் சொல்லலையே. ஒப்பந்தம் முடியுதுன்னேன். அதை நீட்டிச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்னு சொல்ல வாயெடுத்தேன்... நீங்க 'ஓ'ன்னுட்டீங்க. சரி, நான் இருந்தா என்ன, போனா என்ன அவங்களுக்குன்னு விட்டுட்டேன்."

முதல் பனித்துகள்கள் அவன் தோளில் விழுந்தன. ஷிஹோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு அப்படி இல்ல. நீங்க போயிட்டா என்னால தாங்க முடியாது. உங்களைப் பிடிச்சிருக்கு, கியான்-சான்... போதுமா?"

அவன் முக்காலியிலிருந்து இறங்கி அவளெதிரே நின்றான். காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கும்தான். நீங்க வைக்கோலைத் தேடி வந்த நாள்லேர்ந்து. நாளைக்கு உங்க அப்பாகிட்ட வந்து சொல்றேன்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வாங்க. என்னை அனுப்பினதே அவர்தான்."