இணைப்பில் முளைத்த வரி

மே மாத மதிய வெயிலில் நெய்வேலியின் தார்ச்சாலைகள் இளகிக் கிடந்தன. கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. பியூன் கொளஞ்சியப்பன் சுரங்க அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பிளாப்பிகளைத் தமயந்தியின் மேஜைமேல் வைத்தான்.

சுரங்கத்தைச் சுற்றியிருக்கும் சோதனைக் கிணறுகளின் நீர்மட்டக் கணக்கு அது. ஒரு பிளாப்பியில் அடங்காத கோப்பு என்பதால் அங்கே துண்டுபோட்டு அனுப்புவார்கள்; இங்கே தமயந்தி ஒட்டிச் சரிபார்ப்பாள். மட்டம் இறங்கியிருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளத்துப் பம்பை நிறுத்திப் பழுது பார்க்கலாம். இன்று அந்த வேலைக்குக் கீழே இறங்கியிருப்பவன் அவள் புருஷன் சங்கரலிங்கம். அவள் போனில் சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

முதல் தடவை ஒட்டியபோது கோப்பு பாதியில் நின்றது. தெரிந்த வியாதிதான். வெறும் எழுத்துக் கோப்பாக நினைத்து ஒட்டினால், நடுவில் முடிவுக்குறி மாதிரி ஏதாவது வந்ததும் இயந்திரம் கடையைக் கட்டிவிடும். தன் தலையில் தானே குட்டிக்கொண்டு கட்டளையை மாற்றிக் கொடுத்தாள்.

இப்போது கோப்பு நீண்டுவிட்டது.

துண்டுகளின் அளவைக் கூட்டிப் பார்த்தாள். ஒட்டியது அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் சேரும் இடத்தில் கூடுதலாக ஒரு வரி. தனித்தனியாகத் திறந்தால் எந்தத் துண்டிலும் அது இல்லை. கிணற்று எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘வீரம்மாள்’ என்று ஒரு பெயர். பக்கத்தில் நீர்மட்டம்: தரைக்குக் கீழே நாற்பது அடி.

எவனோ விளையாடியிருக்கிறான் என்று எரிச்சலோடு அழித்தாள். புதுப் பிளாப்பிகளில் நகலெடுத்து, டிரைவை மாற்றி மறுபடி ஒட்டினாள்.

அதே வரி. இருபது அடி.

அழித்தாள். ஒட்டினாள்.

பத்து அடி. தண்ணீர் மேலேறி வருகிறது.

அறையில் சேற்று நாற்றம் எழுந்தது. பாசி பிடித்த பழைய தண்ணீரின் நாற்றம்.

“கொளஞ்சி, வீரம்மாள்னு இங்க ஏதாவது கிணறு இருக்கா?”

அவன் முகம் வெளிறிப்போயிற்று.

“அது கெணறு இல்லீங்க மேடம். எங்க அத்தைங்க.” “மைன்ஸுக்கு நெலம் எடுத்தப்ப, வூட்ட வுட்டு வரமாட்டேன்னு அழுதுகினே போயி கெணத்துல எறங்கிடுச்சு. காண்ட்ராக்ட் ஆளுங்க எட்டிக்கூடப் பாக்காம மண்ணத் தள்ளிட்டானுங்க. இப்ப பம்பு வச்சிருக்குதே, அந்த எடந்தாங்க.”

திரையில் எண் தானாகவே மாறியது.

இரண்டு அடி.

தமயந்தி போனைப் பிடுங்கி எடுத்தாள். “பம்பை நிறுத்தாதீங்க! எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க!”

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். “பம்பு ஓடும்போதே தண்ணி பீறிக்கிட்டு வந்திடுச்சும்மா. கரை சரிஞ்சு கெடக்கு. மத்தவங்க ஏறிட்டாங்க. சங்கரலிங்கத்தைத்தான் காணோம்.”

போன் கையிலிருந்து நழுவியது. எச்சரிக்கை கண்முன்னால் வந்து நின்றதே, அதைக் குப்பையாக நினைத்து அழித்தோமே என்று வாய்விட்டு அழுதாள்.

கதவு திறந்தது.

சங்கரலிங்கம் நின்றான். உடுப்பில் ஒரு பொட்டுச் சேறில்லை.

தமயந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். கொளஞ்சியப்பன் இருப்பதுகூட அவளுக்குப் பொருட்டில்லை.

“ஏன் அழறே? அவசரம்னு நீதானே ஆள் அனுப்புனே?” என்றான் அவன். “ஒரு அம்மா கீழேயே வந்து கூப்பிட்டாங்க. பேச்சுக்குப் பேச்சு உன்னைத்தான் கேட்டுக்கிட்டு வந்தாங்க.”

“என்ன கேட்டாங்க?”

“‘உம் பொண்டாட்டி எம்பேர அழிச்சிகினே இருக்குது, ஏன்னு கேக்கணும்’னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை.”

தமயந்தி அவன் சட்டையை இறுகப் பிடித்தாள். “எங்கங்க அவங்க?”

“என்ன இப்படிக் கேக்குறே?” அவள் தோளுக்கு மேலாக அறைக்குள் கைகாட்டினான். “எனக்கு முன்னாடியே உள்ள வந்து, உன் நாற்காலியில உக்காந்திருக்காங்களே.”

கொளஞ்சியப்பன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

அவள் முதுகுக்குப் பின்னால், விசைப்பலகையில் யாரோ ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினார்கள்.