சூட்டுச் சோதனை

ரேடியோ மூச்சு வாங்கியது.

மாணிக்கவாசகம் அப்போதுதான் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கூடத்துக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிகூட ஆகவில்லை, அதற்குள் கத்திரி வெயில் ராஜா அண்ணாமலைபுரத்து மொட்டைமாடிகளை எல்லாம் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டு ஒரே சீராக வந்துகொண்டிருந்த இரைச்சல் சட்டென்று தேய்ந்து, ஒரு கணம் நின்று, சின்ன விக்கலோடு மறுபடி ஏறியது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காதைத் தீட்டினார். இரைச்சல் பழையபடி நேர்கோடாகிவிட்டது. பிரமை என்று நினைத்துத் தலை துவட்டப் போனவர், மறுபடி அது நிகழ்ந்ததும் அப்படியே நின்றார்.

உள்ளறையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். எழுபத்தொன்பதாம் வருஷம், அந்தத் தெருவில் டெலிவிஷனே நாலு வீட்டில்தான் உண்டு. இவர் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் யார் நம்புவார்கள்? கூடப் படித்த வலியுல்லா, கப்பலில் வேலை பார்க்கிறவன், ஒவ்வொரு பயணத்திலும் சிங்கப்பூரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்த உதிரிகளைப் பத்து மாசமாக இவரே பற்றவைத்துக் கட்டியது. ஆசைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மாசத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் கோமதி ஏழு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கை சும்மா இருந்தால் மனசு அவளிடம் ஓடிவிடும், அந்தக் கொடுமைக்குப் பயந்துதான் மனிதர் ஈயக்குழம்பிலும் கம்பியிலும் தலையைப் புதைத்துக்கொண்டார். அவளுடைய அறை காலியாகக் கிடந்தது, மேஜையை அங்கேயே போட்டார். மனைவி பங்கஜம் அன்றிலிருந்து அந்த அறை வாசலை மிதித்ததில்லை.

அவர் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கருவி எதையும் இரண்டு நாள் சூட்டில் வாட்டாமல் நம்ப மாட்டார்கள். சொத்தையான உதிரி அந்தச் சூட்டிலேயே செத்துவிடும், தப்பித்தது வருஷக்கணக்கில் உழைக்கும். வீட்டில் அதற்கான வசதி ஏது? ஜன்னல்களைச் சாத்தி, கம்ப்யூட்டரைத் தேயிலைப் பெட்டி ஒன்றால் கவிழ்த்து மூடி, உள்ளே இரண்டு நூறு வாட் பல்பு எரியவிட்டு, ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் தன் மெமரி முழுக்க ஒரே எண்ணை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில், ஸ்டேஷன் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி வைத்த ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. ஓடுகிற கம்ப்யூட்டரின் மின்சார முனகலை அது பிடித்துக் கொடுக்கும். ஒரே வேலை, ஒரே சத்தம். சத்தம் மாறினால் ஏதோ ஒரு உதிரி தடுமாறுகிறது என்று கூடத்தில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே போனார். வெந்த மரவாசனையும் அரக்கு வாசனையும் முகத்தில் அறைந்தன. தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் நூற்றி நாலு டிகிரி காட்டியது. தப்புகளை எண்ணிச் சொல்லும் சிவப்பு விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. மெமரியில் பிசகே இல்லை, ஆனால் ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பல்பை அணைத்தார். நூற்றி இரண்டுக்கு இறங்கியதும் சத்தம் நேரானது. மறுபடி ஏற்றினார். நூற்றி நாலு தொட்டதும் மூச்சு வந்தது.

சரி, எந்தச் சனியனோ கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். அணைத்து, முதல் மெமரி பலகையைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டுச் சூடேற்றினார். மூச்சு. இரண்டாவது பலகை. மூச்சு. இருந்த நாலு பலகையையும் கழற்றிவிட்டார். எழுத இடமில்லை, படிக்க ஒன்றுமில்லை, வெறும் இரைச்சல்தான் வரவேண்டும். நூற்றி நாலு ஆனதும் அதே மூச்சு, இன்னும் தெளிவாக வந்தது. கடைசியில் ரேடியோ மட்டும் பாடட்டும் என்று கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கிப் போட்டார். பல்புகள் மட்டும் எரிந்தன, மூச்சு அப்போதும் வந்தது. ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது சூடு ஒன்றுதான்.

அப்போதுதான் அதன் தாளம் அவருக்குப் பிடிபட்டது. வேகமாக இரண்டு, பிறகு நெஞ்சுக்குள் எதிலோ இடறி நின்று மூன்றாவது. இந்த மூச்சை ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவர் அவர்.

அந்தச் சத்தம் திரும்பி வந்தால் ஒரு தகப்பன் என்ன செய்வான்? பயந்துதான் போனார், ஆனால் பயத்தை மீறிக்கொண்டு வந்தது ஆசை. வெட்கம் கெட்ட ஆசை. இரண்டு பல்பு எரிந்த இடத்தில் மூன்றாவதையும் மாட்டினார்.

பதினோரு மணிக்குக் கொல்லைப்பக்கம் கீரைக்காரி புஷ்பம் வந்தாள். ஏரியாவுக்குப் புதுசு, போன வாரத்திலிருந்துதான் கூடை கொண்டு வருகிறாள், இந்த வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது. பங்கஜம் கீரை வாங்கிக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. பிறகு புஷ்பத்தின் குரல்.

"இன்னாம்மா, கொயந்தைக்கு ஜொரமா? மூச்சு எப்டி இஸ்துக்கினு கீது. இந்த வெயில்ல ஜன்னல சாத்தி வெச்சிக்கீறீங்களே. பாவம், தண்ணி கேக்குது பாரு."

கூடை நகர்ந்து போகும் சத்தம் கேட்டது. அதன்பிறகு கொல்லையில் எந்த அரவமும் இல்லை.

தெர்மாமீட்டர் நூற்றி ஆறு.

"அப்பா," என்றது ரேடியோ. இரைச்சலுக்கு அடியிலிருந்து, நாக்கு வறண்ட குரலில். "அப்பா, சுடுதுப்பா. தண்ணிப்பா."

அவர் எழுந்து ஓடினார். பானையிலிருந்து டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து மேஜை முன்னால் நின்றார். நின்றவருக்கு அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கே ஊற்றுவது? எந்த வாயில்? டம்ளர் சாய்ந்து தண்ணீர் அவர் வேட்டியில்தான் கொட்டியது. அது தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த ராத்திரியும் இப்படித்தான் கேட்டாள். படித்த மனிதர், ஆய்வுக்கூடத்தில் டிகிரியோடு மல்லுக்கட்டுகிறவர், ஆனால் மகள் காய்ச்சலுக்கு மட்டும் தன் வீட்டு வழக்கத்தைத்தான் நம்பினார். ஜன்னலை இறுகச் சாத்து, வேர்த்துக் கொட்டினால் காய்ச்சல் தானாக விட்டுவிடும். பச்சைத்தண்ணீர் கொடுக்காதே, ஜன்னி கண்டுவிடும். கொஞ்சம் காற்று விடுங்களேன் என்று பங்கஜம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பேசாம இரு, எனக்குத் தெரியும் என்றார். நூற்றி ஏழு ஏறியபோது மூச்சு நின்றது. விடியற்காலை வந்த டாக்டர் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை மாணிக்கவாசகம் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

இப்போது அதே தாழ்ப்பாளில் அவர் கை இருந்தது. திறந்தால் சூடு இறங்கும். இறங்கினால் அவள் போய்விடுவாள். திறக்காவிட்டால் இருப்பாள். வெந்துகொண்டு இருப்பாள். ஐயோ, எந்தத் தகப்பனுக்கும் இந்த நிலைமை வேண்டாம். அழுதுகொண்டே தாழ்ப்பாளை இழுத்தார். ஜன்னல் திறந்தது. தேயிலைப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். காற்று வந்தது.

"அப்பா..." குரல் பின்வாங்கியது. நூற்றி ஐந்து. "அப்பா..." இரைச்சல் அதை மூடிக்கொண்டு வந்தது.

வாசலில் பங்கஜம் நின்றாள். பத்து மாசத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் காலை வைத்தாள்.

"எங்க போறா? என்னங்க, அவ எங்க போறா?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலை அறைந்து சாத்தினாள். தேயிலைப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். வெளியே போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக் கும்மட்டி அடுப்பைத் தூக்கி வந்தாள். கரி கனிந்து சிவந்திருந்தது. அதை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.

"பங்கஜம், வேண்டாம். அவளுக்குச் சுடுது."

"அன்னைக்கு நான் சொன்னேனே. திறந்தீங்களா?"

அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நூற்றி ஐந்து. மூச்சு வந்தது. இரண்டு. இடறல். மூன்று.

"வந்துட்டா," என்றாள் பங்கஜம். அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

நூற்றி ஆறு. தண்ணி. தண்ணிப்பா. சுடுது.

"அம்மா இருக்கேன்டி. இங்கதான் இருக்கேன்."

அம்மா, கதவத் திற. அம்மா.

நூற்றி ஏழு. மாணிக்கவாசகம் கண்ணை மூடிக்கொண்டார். நின்றுவிடும். இந்த இடத்தில் நின்றுவிடும். கடவுளே, நின்றுவிடட்டும்.

இரண்டு. இடறல்.

மூன்று.

நிற்கவில்லை. நூற்றி எட்டு. நூற்றி ஒன்பது. மூச்சு இப்போது இடறவே இல்லை. குரல் வலுத்தது. அது பேச்சாக இல்லை, இடைவெளி இல்லாத ஒரே அலறலாக இருந்தது.

"பாத்தீங்களா, தாங்குறா," என்று சொல்லிவிட்டு, பங்கஜம் கும்மட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கரியை விசிறத் தொடங்கினாள்.