யார் எழுதிய திருப்பலி இசை?

1868 அக்டோபர், ஞாயிறு. காலை ஏழு பத்து.

கிராமத் தேவாலயத்தின் ஆர்கன் மாடத்துப் பெட்டி காலியாகக் கிடந்தது. பள்ளி ஆசிரியர் கொலோமன் மூன்று ஆண்டுகள் உயிரைக் கொடுத்து எழுதிய திருப்பலி இசையின் மூலப்பிரதி அதில்தான் இருந்தது. பாடற்குழுவுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் பிரித்தெழுதிய தனித்தாள்கள் மட்டும் அலமாரியில் மிச்சம்.

"ஜூன்ல அவருக்குப் பக்கவாதம் வந்ததுலேருந்து நான் இதைத் திறக்கவே இல்லைங்க ஐயா," என்றாள் அவர் மனைவி நோட்பூர்கா. "பத்து மணிப் பூசையில அவரைத் திருடன்னு சொல்லப் போறாங்க. சாயங்காலம் பள்ளிக்கூட வீட்டைக் காலி பண்ணணும். வாய் பேச முடியாத மனுசனைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

காவல் சார்ஜென்ட் கஜேதானுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே சங்கடமாக இருந்தது. நகரத்துப் பேராலய இசைத்தலைவர் ரௌஷர் முந்தைய நாள் வந்து இறங்கி, அந்த இசை தன்னுடையது, கொலோமன் அதைப் பார்த்துப் படியெடுத்தவர் என்று பங்குக் குருவிடம் சாதித்திருந்தார். கிராமத்து ஆசிரியர்கள் பூசை இசையைப் படியெடுப்பது ஊர் அறிந்த வழக்கம்தான். குருவும் நம்பிவிட்டார்.

"மாடத்துச் சாவி வேற யார்கிட்ட இருந்துச்சும்மா?"

"ஆகஸ்ட்ல ஆர்கனைச் சோதிக்க வந்தாரே ரௌஷர், அவர்கிட்ட மூணு நாள் இருந்துச்சு."

சாவி இருந்தது என்பதற்காக நகரத்துப் பெரிய மனிதர்மேல் கை வைக்க முடியுமா? கஜேதான் தனித்தாள்களைப் புரட்டினார்.

எட்டு மணி.

பூசை வாத்தியக் குழுவில் கொம்பு ஊதும் கிலியான் வந்தான். குதிரைக்கு லாடம் அடிப்பவன். முன்பல் இரண்டைக் காணோம்.

"இது உன் தாளா? ஆறு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கே?"

"வாத்தியார் கைதான் ஐயா. ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு குதிரை என் மூஞ்சியைப் பதம் பார்த்துடுச்சு. மேல் சுரம் ஊதினா வெறுங்காத்துதான். 'உன் வாய்க்காக என் பாட்டைக் கெடுக்கணுமாடா'ன்னு திட்டிக்கிட்டே கீழே இறக்கி எழுதினாரு. பெட்டியில இருந்த பெரிய சுவடியிலயும் பழசைச் சுரண்டிட்டு மாத்தினாரு."

ஒன்பது நாற்பது. குருவின் அறை. நோட்பூர்காவும் கூட வந்திருந்தாள்.

ரௌஷர் தன் சுவடியை நீட்டினார். முதல் பக்கத்தில் அவர் பெயர், கீழே 1864. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

"சுத்தமான கையெழுத்து," என்றார் கஜேதான். "நாலு வருஷமா ஒரு சுரத்தைக்கூட மாத்தலையா?"

"மாத்தற மாதிரி நான் எழுதறதில்ல, சார்ஜென்ட்."

"அப்படியா? இந்த ஈஸ்டர்லதான் கிலியான் பல்லு போச்சு. அவனுக்காக வாத்தியார் ஆறு இடத்துல சுரத்தை இறக்கினாரு. பழைய சுரம் அவன் தாள்ல அடிபட்டுக் கிடக்கு. உங்க சுவடியில அந்த ஆறு இடத்துலயும் இறக்கின சுரமே சுத்தமா இருக்கு. அவனைக் குதிரை உதைக்கும்னு 1864லயே உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

ரௌஷர் சுவடியை மூடப் போனார். குரு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"பெட்டியைத் திறந்து எடுத்தது நீங்க. திருத்தின சுவடியைப் பார்த்து எழுதினதால எது முதல்ல இருந்தது, எது பிறகு வந்ததுன்னு உங்களுக்குத் தெரியல. மூலம் எங்க?"

"எரிச்சுட்டேன்," என்றார் ரௌஷர்.

நோட்பூர்கா பேனாவை எடுத்து ரௌஷர் கையில் திணித்தாள்.

"உன் பேரை அடி. அவர் பேரை எழுது. உன் கையாலயே எழுதுய்யா, பாவி!"

அவர் எழுதினார். கஜேதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

மணி பத்து அடிக்கும்போது அவள் அந்தச் சுவடியைக் கணவரின் படுக்கையில் விரித்தாள். கொலோமன் இடது கையால் தாளைத் தடவினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தன் கையெழுத்தைத் தேடினார். கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டு, குழந்தைபோல் அழுதார்.

"பேரு இருக்குங்க," என்றாள் நோட்பூர்கா. "இதோ பாருங்க, பேரு இருக்கு."