கூப்பர் சந்தில் ஏழாவது ஆள்

லண்டனில் எங்கள் வட்டாரத் தெருக்களைத் தோண்டுவதும் மூடுவதும்தான் எங்கள் பிழைப்பு. அந்த நவம்பர் காலை கூப்பர் சந்துக்குச் சாக்கடைக் குழாய் மாற்றப் போனோம். மேஸ்திரி கிரிம்ஷாவின் கீழ் ஏழு பேர். ஏழாவது ஆள் சைலஸ், என் தங்கை கெசையாவின் புருஷன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான்.

பேர் கூப்பிட்டால் நாங்களெல்லாம் "இருக்கேன்" என்போம். சைலஸ் மட்டும், "எங்க போகப்போறேன் மேஸ்திரி, இங்கதான் இருக்கேன்!" என்பான்.

"வாய்க்கொழுப்பு அடங்குதா பாரு" என்று மேஸ்திரி திட்டுவார். தினமும் நடப்பதுதான்.

பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கியது. மஞ்சள் பனி, தொண்டையை அறுக்கும் கரிப்புகை நாற்றம். நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் குழியின் ஒரு பக்கம் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அடித்துப்பிடித்து மேலே ஏறினோம். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டுக் கரகரத்தது. உள்ளே குழந்தைகள் அலறின.

"உடனே குழிய மூடணும், இல்லேன்னா வீடே உள்ள வந்துரும்! எல்லாரும் மேல வந்தாச்சா?"

மேஸ்திரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பனிக்குள்ளிருந்து ஆறு பேர் குரல் கொடுத்தோம்.

"சைலஸ்!"

"எங்க போகப்போறேன் மேஸ்திரி, இங்கதான் இருக்கேன்."

என் இடது தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. கிண்டல்கூட மாறவில்லை.

மண்ணைத் தள்ளினோம். திமிசுக் கட்டையால் நான் இடித்து இறுக்கினேன். தும். தும்.

அடியிலிருந்து ஒரு தும் வந்தது.

கை நின்றுவிட்டது.

"முட்டுப் பலகை முறியுது, வேறொண்ணுமில்ல. நீ இடி" என்றார் மேஸ்திரி.

இடித்தேன்.

ஒரு மணிக்குக் கெசையா துணியில் ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அவர் எங்க?"

"இங்கதான் எங்கயாவது நிப்பான். கூப்பிட்டுப் பாரு."

"சைலஸ்!"

"எங்க போகப்போறேன்..." என்று எதிர்ப்புறமிருந்து பதில் வந்தது. சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனாள். சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அங்க யாருமே இல்லண்ணே."

மண்வெட்டியை எடுத்தேன். யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோரும் தோண்டினோம். இறுகிய மண் லேசில் விடவில்லை. நான் இடித்த மண் அது.

நான்கு மணிக்கு அவன் கிடைத்தான். சாய்ந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே, முகம் மேலே பார்த்தபடி. விரல்களில் நகமே இல்லை.

டாக்டர் அவன் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உடம்பு இன்னும் சூடா இருக்கு. அரை மணி முன்னாடி வெளிய எடுத்திருந்தா பிழைச்சிருப்பான்."

அப்படியென்றால் மேலே நின்று பதில் சொன்னது யார்?

மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிச் சைலஸின் முகத்தின்மேல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அடக்கம். அன்றும் பனி. பெட்டியை இறக்கினோம். பாதிரியார் ஜெபத்தில் அவன் பேரைச் சொன்னார்.

"எங்க போகப்போறேன். இங்கதான் இருக்கேன்."

எங்களுக்கு நடுவிலிருந்து, தெளிவாக.

பாதிரியாரின் வாய் அப்படியே நின்றது. கெசையா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க! அன்னைக்கும் இப்படித்தானே குரல் வந்துச்சு, அவர் உள்ள உயிரோட இருந்தாரே! அண்ணே, நீ கேட்டியா இல்லயா?"

அவன் கண்களை மூடியவன் நான். பெட்டிக்கு ஆணி அடித்தவனும் நான். அவன் செத்துவிட்டான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று அவன் மேலே நிற்கிறான் என்பதும் இதே போல நிச்சயமாகத்தான் தெரிந்திருந்தது.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

முதல் மண்ணை நான்தான் போட்டேன். அது பெட்டிமேல் விழுந்த சத்தத்தோடு, என் இடது தோளருகே யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.