பக்கச் சுவரில் ஏறிய பனி

"பனி வெட்டுற சவலைக் கீழ வையுங்கோ எண்டுறன், நிசாந்தன் வந்து..."

"மருமோன் அஜக்ஸிலயிருந்து வந்து சேரேக்குள்ள நாங்கள் ரெண்டுபேரும் செத்துக் கிடப்பம்."

"உங்கட நெஞ்சில ஸ்டென்ற் வச்சு ஆறு கிழமைதான்..."

"பேபி, சுவரில இருக்கிற ஹீற்றர்ப் புகைக்குழாயைப் பனி மூடினா நச்சு வாயு வீட்டுக்குள்ளதான் வரும். நீர் சும்மா இரும்."

இரத்தினவேல் பூட்ஸைக் காலில் கொழுவிவிட்டார். இனி மறிக்க ஏலாது. அவர்கள் இருந்த மோர்னிங்சைட்டில் காலையிலிருந்து சுழன்றடித்த காற்று அடுத்த வீட்டுச் சுவரை மொட்டையாய் விட்டுவிட்டு, இவர்களுடைய பக்கச் சுவரில் மட்டும் பனியை யன்னல் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தது. மனைவி பேபிக்கு அது பிடிக்கவில்லை.

"அப்ப சுவரில தட்டித் தட்டி வெட்டுங்கோ. நிக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியவேணும்."

"ஓம், ஓம். மிருதங்கமே வாசிக்கிறன்."

முன்கதவைச் சாத்திக்கொண்டு போனார். குசினிச் சுவரில் காதை வைத்து, அடுப்பில் காயும் சொதியின் மணம் மூக்கிலும் சுவரின் குளிர் கன்னத்திலும் ஏற, சவல் பனியைக் கிழிக்கும் ஓசையையும், அவர் இழுத்து விடும் மூச்சையும், இடைக்கிடை சுவரில் விழும் மூன்று தட்டல்களையும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சவல் ஓய்ந்தது.

டொக், டொக், டொக்.

களைப்பாறுறார் போல, என்று நினைத்துச் சொதியை இறக்கினாள். தட்டும் ஓசை நகர்ந்தது. பாத்திரம் கழுவும் சிங்குக்குப் பின்னால் கேட்டது. பிறகு அவளுடைய முழங்கால் உயரத்தில்.

"குனிஞ்சு நிக்கிறீங்களே? போதும், உள்ள வாங்கோ."

டொக், டொக், டொக்.

இந்தமுறை அது குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலுள்ள சுவரில் கேட்டது.

அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் இல்லை.

பேபி ஓடினாள். குசினியின் பக்கக் கதவுப் பூட்டை விரல் வழுக்க வழுக்கத் திருப்பி, உள்ளே இழுத்தாள்.

வாசலை நிறைத்துப் பனி நின்றது. கதவில் இருந்த சட்டங்களின் அச்சு அப்படியே அதில் பதிந்திருந்தது. நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் பின்னால், திறந்தபடி, இரத்தினவேலின் கண்கள். இமையெல்லாம் பனித்தூள். தட்டுவதற்கு உயர்த்திய கை. காற்று அவரைச் சுற்றிப் பனியை இறுக்கி மெழுகியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் தட்டும் ஓசை நின்றது.

ஹோலில் ஈரப் பூட்ஸின் சத்தம். ஒரு அடி. இன்னொரு அடி. பிறகு அவருடைய குரல்.

"கதவைச் சாத்தும், பேபி. குளிர் உள்ளுக்கு வருது."