நல்லகாமனுக்கு நீதி வேண்டும்!

போன் அலறியது.

"எஸ்.ஐ. முத்துமீனா பேசுறேன்..."

"நல்லகாமனைக் கொன்னவனை ஏன் இன்னும் பிடிக்கல? எங்க தலைவர் கேக்குறாரு... பதில் சொல்லுங்க மேடம்!"

காலையிலிருந்து இதே பல்லவி. முத்துமீனா ரிசீவரைப் பட்டென்று வைத்தாள்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நல்லகாமன் டீ குடித்துக்கொண்டிருந்தார்!

"பாதுகாப்பு குடுங்க மேடம். உசுரோட இருக்கேன்னு சொன்னா அடிக்க வாராய்ங்க!"

விஷயம் இதுதான். பரவைப் பக்கம் ஒரு கண்மாயில் சாயப்பட்டறைக் கழிவு கலக்கிறது என்று விவசாயிகள் பாடை கட்டிப் போராட்டம் நடத்தினார்கள். பிணமாகப் படுக்க ஒரு ஆள் வேண்டுமே? போராட்டத்தைக் கிளப்பிய நல்லகாமனே படுத்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் மாலை... ஒப்பாரிச் சத்தத்தையும் மீறி அசந்து தூங்கிவிட்டார்.

அந்தப் போட்டோவைச் சென்னையில் பார்த்து உருகிப்போனார் அதிரடி ஸ்டார் ரிஷிவர்மன்.

'கண்மாய்க்காக உயிர் விட்ட நல்லகாமனுக்கு நீதி வேண்டும்!' என்று பதிவு போட்டார்.

அவ்வளவுதான்! கண்மாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள்கூட நல்லகாமன் படத்தை டிபியில் வைத்துக்கொண்டு கொந்தளித்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று போலீஸ் மறுப்பு வெளியிட்டது. மூடி மறைக்கிறார்கள் என்று அதற்குத் தனி ஹேஷ்டேக்!

"நானே கமெண்ட் போட்டேன் மேடம், 'நான்தான்யா நல்லகாமன், இன்னும் சாகல'ன்னு. ஃபேக் ஐடின்னு ரிப்போர்ட் அடிச்சுத் தூக்கிட்டாய்ங்க!"

முத்துமீனா சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள்.

அதற்குள் வாசலில் கூச்சல்.

"கொலைகாரனைக் கைது செய்!"

கூட்டத்தின் முன்னால் ரிஷிவர்மன் ரசிகர் மன்றத் தலைவன் பேயாண்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"இவங்க கையில சிக்குனா நிஜமாவே பாடைதான். உள்ளே போங்க!"

நல்லகாமனை லாக்கப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

சட்டை கிழிந்த ஒரு ஆள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடி வந்தார். சாயப்பட்டறை முதலாளி விஸ்வநாத்!

"மேடம்... என்னை உள்ளே போடுங்க! வெளியே நின்னா பிச்சு எறிஞ்சிடுவாங்க!"

"எதுக்கு உள்ளே போடணும்?"

"நான்தான் ஆள் வெச்சு நல்லகாமனைக் கொன்னேன்!"

முத்துமீனாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னையவா?" என்றது லாக்கப்.

கம்பிக்குப் பின்னால் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் விஸ்வநாத் அலறினார்.

"பேய்... பேய்! நேத்து சாயங்காலமே கதை முடிஞ்சிடுச்சுன்னு சொன்னானே!"

"யாரு சொன்னது?"

விஸ்வநாத்தின் விரல் வாசலைக் காட்டியது.

அங்கே, இன்னும் நீதி கேட்டுக்கொண்டிருந்தான் பேயாண்டி!

முத்துமீனா பாய்ந்தாள். பேயாண்டியின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். இடுப்பைத் தடவினால்... கத்தி!

"சொல்லுடா!"

"போனேன் மேடம். வரப்புல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு. கத்தியை உருவுறேன்... டிங்! தலைவர் பதிவு... நல்லகாமன் உயிர் விட்டுட்டாருன்னு!"

"ஆளு கண்ணு முன்னாடி உசுரோட இருந்தாரேடா?"

பேயாண்டி நிஜமாகவே புண்பட்டுப் போனான்.

"தலைவர் பொய் சொல்வாரா மேடம்? செத்தவரை எதுக்குக் குத்தணும்? அங்கனயே நின்னு முதல் ஹேஷ்டேக் போட்டதே நான்தான்!"

நல்லகாமனுக்கு இப்போதுதான் உயிர் பயம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தெளிவா ஒரு மறுப்பு போடச் சொல்லி அந்த நடிகருக்கே பேசிடுறேன்" என்று முத்துமீனா போனை எடுத்தாள்.

"ஐயோ, வேணாம் மேடம்!" பதறினார் நல்லகாமன். "நான் நெசமா சாகுற வரைக்கும் அந்தப் பதிவை அழிச்சுப்புட வேணாம்னு சொல்லுங்க!"